பல் டாக்டருக்கு ஏன் ரிட்டர்ன்ஷிப் இல்லை?

போன எபிசோட்ல ஐடி கம்பெனிகளோட ரிட்டர்ன்ஷிப் பற்றிப் பேசினோம். வேலையில பிரேக் எடுத்த பெண்களுக்காக டாடா குழுமம் 2008லயே ஒரு திட்டம் ஆரம்பிச்சதையும் சொன்னோம். அதைக் கேட்டுட்டு நாமக்கல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா மெசேஜ் போட்டிருந்தாங்க. பிடிஎஸ் முடிச்சவங்க. கல்யாணம், குழந்தைன்னு அஞ்சு வருஷம் பிரேக். "எங்களுக்கெல்லாம் இப்படி ஒண்ணும் கிடையாதுங்களா தம்பி?"

நம்ம ஊருக்கு இது பெரிய கேள்வி. சேலம் அரியானூர்ல விநாயகா மிஷன் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. திருச்செங்கோட்டுல கே.எஸ்.ஆர்., பக்கத்துல எளையாம்பாளையத்துல பெண்களுக்கு மட்டுமேயான விவேகானந்தா. நாலு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்னு முடிச்சுட்டு வெளிய வர்றாங்க. அப்புறம் பிரேக் எடுத்தா, திரும்பி வர்றதுக்குன்னு ஒரு வாசல் இல்லை.

நான் ரெண்டு வருஷம் கோட் எழுதலைன்னா, புது ஃப்ரேம்வொர்க்கைப் படிச்சுக்கலாம். தப்பா எழுதினா ரிவர்ட் பண்ணிடலாம். பல்லுல ஒரு மில்லிமீட்டர் அதிகமா ட்ரில் பண்ணிட்டா ரிவர்ட் கிடையாது. அவங்க பயம் படிச்சது மறந்துடுச்சேன்னு இல்லை, கை நடுங்கிடுமோன்னுதான். அதுக்கு வெபினார் எந்த மருந்தும் இல்லை.

கிளினிக்குகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 26 வாரப் பேறுகாலச் சம்பளச் சட்டமே 10 பேராவது வேலை செய்யுற இடத்துக்குத்தான். நம்ம ஊர் கிளினிக்ல ஒரு டாக்டர், ஒரு அசிஸ்டென்ட், வாசல்ல டோக்கன் போடுற ஒருத்தர். அவங்க எங்க டிரெய்னிங் புரோகிராம் நடத்துறது?

கல்லூரிகள் நடத்தலாம். மாணவர்கள் நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி பழகுற பொம்மைத் தலை இருக்கே, ஃபான்டம் ஹெட், அது லீவுல சும்மாதான் கிடக்கும். பழைய மாணவிகளுக்கு ரெண்டு வாரம் திறந்து விடுங்க. கட்டணம்கூட வாங்கிக்கோங்க. என்னைக் கேட்டா, இந்த ஒண்ணு நடந்தாலே பாதிப் பயம் போயிடும்.

மீதிப் பாதிக்கு சீனியர் டாக்டர்கள் வேணும். கிளினிக்ல கூட்டம் பெரும்பாலும் சாயங்காலம்தான், அதாவது குழந்தை ஸ்கூல் விட்டு வர்ற நேரம். காலையில சேர் காலியா இருக்கும். அந்த நேரத்தைக் கொடுங்க. முதல்ல பக்கத்துல நின்னு பார்க்கட்டும், அப்புறம் பல் சுத்தம், அடைப்பு. ரூட் கெனால் கடைசியா. ஏன்னா அவங்க கை ஃபைல்ல பழகியிருப்பாங்க, இப்போ பல இடத்துல மோட்டார்ல சுத்துற ஃபைல் வந்துடுச்சு. ஆனா "கத்துக்கத்தானே வர்றீங்க"ன்னு சும்மா வேலை வாங்காதீங்க. அவங்க பார்த்த கேஸுக்கு முதல் நாள்ல இருந்தே பங்கு கொடுங்க.

ட்ரில்லையே தொடாம ஆரம்பிக்கவும் ஒரு வழி இருக்கு. நம்ம பக்கம் லாரி டிரைவர்கள், போர்வெல் வண்டியில மாசக்கணக்குல வெளிமாநிலம் போறவங்க நிறைய. புகையிலை போடுறவங்களும் அதுல உண்டு. வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு, ஆறாத புண், முழுசா வாய் திறக்க முடியாம போறது, இதெல்லாம் புற்றுநோய்க்கு முன்னறிவிப்பா இருக்கலாம். கண்டுபிடிக்க முதல்ல வேண்டியது ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, பழகின கண்ணு. பரிசோதனை முகாம்ல ஒரு மாசம் உட்கார்ந்தா, நோயாளிகிட்ட பேசுற தைரியமும் திரும்ப வந்துடும்.

அக்கா, ஒரே ஒரு விஷயம். எதுக்கும் முன்னாடி தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில்ல உங்க பதிவு நடப்புல இருக்கான்னு பாருங்க. காலாவதியாகியிருந்தா புதுப்பிச்ச பிறகுதான் நோயாளியைத் தொடணும். அதோட உங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல இந்த எபிசோடைப் போட்டு, இதே நிலைமையில எத்தனை பேர் இருக்காங்கன்னு கேளுங்க. ஒரு லிஸ்ட்டோட போனா கல்லூரியில பேச்சே வேற மாதிரி இருக்கும்.