சைக்கிளும் ஸ்தல ஸ்தாபனமும்

(கரிக்கலாம்பாக்கம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சைக்கிளைப் பற்றிக் கூட்டம் என்று தட்டி எழுதி வைத்ததும் சிலர் சிரித்தார்கள். "விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது. சைக்கிளுக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கூலிக்குப் போகிறவன் வேலைத்தலத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறான், அதற்குக் கூலியில் எவ்வளவு கரைகிறது என்பதும் கூலிப் பிரச்னைதான் அல்லவா?

முதலியார்பேட்டையில் மில் சங்கு ஊதிய காலம் இங்கே பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வில்லியனூர் பக்கமிருந்தும் பாகூர் பக்கமிருந்தும் ஹாண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு தொங்க, ஷிப்டுக்கு ஷிப்டு சைக்கிள்கள் கிளம்பும். 1936 ஜூலை 30-ல் 12 தொழிலாளர்கள் பிரெஞ்சு சர்க்காரின் குண்டுக்குப் பலியானார்கள். மறு வருடம் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. ஆனால் வீட்டிலிருந்து மில்லுக்குப் போய்த் திரும்பும் நேரம் யார் கணக்கில்? தொழிலாளியின் கணக்கில்தான். அந்த நேரத்தைக் குறைத்துக் கொடுத்தது சைக்கிள்.

அந்த மில்கள் இன்று இல்லை. ஏ.எப்.டி. மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள். மில் தொழிலாளியின் மகன் இன்று கிருமாம்பாக்கத்துக்கோ சேதராப்பட்டுக்கோ கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறான். தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான். தவணைக்கு ஒரு பங்கு, பெட்ரோலுக்கு ஒரு பங்கு போனபின் வீட்டுக்கு வருவது மிச்சம். நடவுக்குப் போகும் அவன் தாயார் நடந்துதான் போகிறாள்.

2011 ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் 100 குடும்பங்களில் சுமார் 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் 21 குடும்பங்களில். கார் 5 குடும்பங்களில்கூட இல்லை. ரோடு யாருக்காகப் போடப்படுகிறது? அந்த 5-க்கு. 45 ஓரத்துக்குப் போ என்கிறார்கள். ஓரமோ இல்லை!

இப்போது அதிகாரிகளுக்கும் சைக்கிள் மேல் ஆசை வந்திருக்கிறது. ஜூன் 3-ந் தேதியை உலக சைக்கிள் தினம் என்று ஐக்கிய நாடுகள் சபை 2018-ல் அறிவித்தது. அன்று காலையில் புது பனியன் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள், போட்டோ எடுப்பார்கள், காரில் வீடு திரும்புவார்கள். சைக்கிள் ஓட்டினால் உடம்புக்கு நல்லது என்று நமக்கு உபதேசம் வேறு! நாள் முழுக்க நாற்று நடுகிறவளுக்கு உடற்பயிற்சி போதவில்லையாம். நமக்கு வேண்டியது உபதேசமல்ல, நாம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில். அந்தப் பதிலைத் தருவது ஸ்தல ஸ்தாபனத்தின் வேலை.

பதில் சொல்லாமல் தடை போட்ட நகரமும் உண்டு. கல்கத்தாவில் 2013-ல் 174 ரோடுகளில் சைக்கிள் போகக்கூடாது என்று போலீசார் உத்தரவிட்டார்கள். பால்காரனும் பேப்பர் போடும் பையனும் கூடை வியாபாரியும் எந்த வழியாகப் போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் தடையைச் சுருக்கினார்கள்.

நம் நாட்டில் இந்தக் காரியம் உருப்படியாக நடந்த இடம் புதுக்கோட்டை ஜில்லா. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் கலெக்டர். எழுத்துச் சொல்லித்தர ஊர் ஊராகப் போக வேண்டிய பெண் தொண்டர்கள் பஸ் வராத ஊருக்கு எப்படிப் போவார்கள்? அண்ணனோ புருஷனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. ஆகவே எழுத்தோடு சைக்கிளையும் ஒரு பாடமாகச் சேர்த்தார்கள். தொண்டர்களுக்கு சைக்கிள் வாங்க பாங்க் கடன் ஏற்பாடு செய்தார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், ஆயாக்கள், நர்சுகள், ஆசிரியைகள் என்று சுமார் 1 லட்சம் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோயிற்று. ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். சில தாய்மார்கள் அதுதான் வசதி என்றார்கள். குறுக்கே பார் இருக்கிறதே, பிள்ளையை உட்கார வைக்கலாம்!

ஊர் சும்மா இருந்ததா? கேலி பேசியது, அசிங்கமாகவும் பேசியது. தனியாக ஒரு பெண் போயிருந்தால் அந்த வாய்க்கு அஞ்சி சைக்கிளைத் திண்ணையில் சாத்தியிருப்பாள். கூட்டமாகப் போனார்கள். 1992-ல் சர்வதேச மாதர் தினத்தை ஒட்டி 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் ஹாண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். அதற்குப் பிறகு எவன் கேலி பேசுவான்? பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமாயிற்று. தண்ணீர்க் குடம் சைக்கிளில் வந்தது. சாமான் விற்கிறவள் ஒரே நாளில் நாலு ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிந்தது.

ஒன்றை மறக்கக்கூடாது. அங்கே முன்னால் நின்றது கலெக்டரும் தொண்டர்களும். கலெக்டர் மாற்றலாகிப் போய்விடுவார். பஞ்சாயத்து மாற்றலாகிப் போக முடியாது.

நம்மூர் ஜனங்கள் சொல்லும் கவலைகளுக்கு வருவோம். தாய்மார்கள் முதலில் கேட்பது: "சைக்கிளைக் காட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டால்?" மிகச் சரியான சந்தேகம். கியூபாவை எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் எண்ணெய் நின்றுபோன 1990-ஐ ஒட்டிய வருடங்களில் சீனாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேல் சைக்கிள் வரவழைத்தார்கள். ஹவானா விரிகுடாவுக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையில் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து ஏற்றிச் செல்லத் தனி பஸ் விட்டார்கள். ஆபத்துக் காலத்தில் தேசம் ஓடியது. ஆனால் அரைவயிற்றோடு வேறு வழியின்றி மிதித்தவர்கள், பஸ் திரும்ப வந்ததும் சைக்கிளை விட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஏற்றிய சைக்கிள் நிலைக்காது என்பது எங்கள் அபிப்பிராயம். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் முதியவர்களுக்கும் பஸ் வேண்டும். பஸ் ஸ்டாப்பில் சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு கொட்டகையும் வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்ற பேச்சே கூடாது.

அடுத்து, ரோட்டு ஓரம். கான்ட்ராக்டர் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் கொட்டுகிறான். ஒவ்வொரு தடவையும் ரோடு உயர்கிறது, பக்கத்து மண் பள்ளத்திலேயே கிடக்கிறது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. சைக்கிள்காரன் ஒதுங்குகிறான், அந்தப் படியில் சக்கரம் சறுக்குகிறது, விழுகிறான். வெட்டுக் காலத்தில் விளக்கில்லாமல் கரும்பு டிராக்டர் இருட்டில் நிற்பது வேறு. முன்பு விளக்கில்லாத சைக்கிளைப் பிடித்து அபராதம் போட்டார்களே, இந்த டிராக்டரை யார் பிடிப்பது? சைக்கிள் பாதை எப்படிப் போடவேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962-லேயே விதிமுறை வெளியிட்டது. புத்தகத்தில் பாதை இருக்கிறது, பூமியில் இல்லை. தனிப்பாதை போட இடமில்லாத ஊரில் ஓர மண்ணையாவது தார் மட்டத்துக்கு இட்டுக் கெட்டிப்படுத்தலாம். பெரிய செலவில்லை.

கடைக்காரர்களுக்கு ஒரு பயம். கடை முன்னால் வண்டி நிற்பதைத் தடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள். அவர்களும் நம்மவர்கள்தான், அலட்சியம் செய்யக்கூடாது. ஹாலந்தில் குரோனிங்கன் என்று ஒரு நகரம். இடதுசாரிகள் செல்வாக்குப் பெற்றிருந்த நகரசபை 1977 செப்டம்பரில் நகரின் நடுப்பகுதியை நாலு பாகமாக்கிற்று. ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்குக் கார் நேரே போகமுடியாது, சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். சைக்கிள் நேரே போகலாம். கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நகரசபை பின்வாங்கவில்லை. இன்று அந்த ஊரில் ஜனங்கள் போய்வருவதில் பாதிக்கு மேல் சைக்கிளில்தான், கடைவீதியும் காலியாகவில்லை. நம் கடைத்தெரு ஹாலந்து ஆகிவிடாது. ஆனால் நம் மளிகைக் கடைக்கு வருகிறவர்களில் காரில் வருகிறவர் எத்தனை பேர் என்று கடைக்காரரே எண்ணிப் பார்க்கட்டும்.

பெண் பிள்ளைகளை அனுப்பப் பயமாயிருக்கிறது என்கிறவர்களுக்குப் பீகாரைக் காட்டுவோம். 2006-ல் அங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில் பலன் அதிகம். அங்கேயும் பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள், அதுவே காவலாயிற்று.

சரி, இந்தப் பதில்களை நம்மூரில் எந்தச் சபை சொல்லும்? இங்கேதான் நம் புதுவையின் வெட்கக்கேடு இருக்கிறது. 1968-க்குப் பிறகு 38 வருடம் பஞ்சாயத்துத் தேர்தலே கிடையாது. 2006-ல் நடத்தினார்கள். 2011-ல் பதவிக்காலம் முடிந்ததும் கொம்யூன் பஞ்சாயத்துகள் மீண்டும் அதிகாரிகள் கைக்குப் போயின. 2021-ல் தேதி அறிவித்துவிட்டு நிறுத்தினார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் என்று 1993-ல் அமுலுக்கு வந்த 73-வது திருத்தம் சொல்கிறது. பஞ்சாயத்துக்குத் தரவேண்டிய 29 இனங்களில் ரோடும் சிறுபாலமும் இருக்கின்றன. மெம்பர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். கமிஷனர் வாசலில் நின்றால் பைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். எவ்வளவு மேலே என்று கேட்டால் பதில் வராது.

ஆகவே இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் எழுதுகிறோம்: ரோட்டு ஓரமும் வேண்டும், பஞ்சாயத்துத் தேர்தலும் வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அளவு நாடாவோடு கிளம்புகிறோம். கடைத்தெருவிலிருந்து ஆஸ்பத்திரி வரை தார் விளிம்பு எங்கே எத்தனை அங்குலம் உயர்ந்திருக்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று எழுதி மனுவோடு சேர்க்க வேண்டும். எழுதத் தெரிந்த வாலிபர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வரவேண்டும். அன்று மாலை நாலு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் தாய்மார்களுக்கு சைக்கிள் பழக்குகிறோம். மூன்று சைக்கிள் இரவல் கிடைத்திருக்கிறது, அதில் இரண்டு பார் வைத்தது. பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு.