வாங்குவது வேறு, பாஸ் செய்வது வேறு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கம்ப்யூட்டருக்கும் ஸ்மார்ட்போனுக்கும் புதியவர்களான உறுப்பினர்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், டவுன்லோடு என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு எளிமையாகச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கவுன்டரிலேயே தலை நரைத்தவன். ஆனாலும் இதைப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. தவறான ஒரு ஃபைலை டவுன்லோடு செய்து பணத்தை இழந்திருக்கிறேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அடிப்படையைப் பார்ப்போம்.

டவுன்லோடு என்பது நகல் எடுப்பது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டால் என்ன செய்வார்கள்? மூலப் பதிவு அங்கேயே இருக்கும், நமக்கு நகல் மட்டும் தருவார்கள். இதுவும் அப்படித்தான். எங்கோ ஒரு இடத்தில் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஃபைல் இருக்கிறது. நாம் பட்டனை அழுத்தினால் அதன் நகல் நம் கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ வந்து சேர்கிறது. நம்மிடம் இருப்பதை அழித்தாலும் அங்கே இருப்பது அழியாது. அதே பட்டனை மூன்று முறை அழுத்தினால் மூன்று நகல் வரும். உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண் வருவது அதனால்தான்.

நம்மிடமிருந்து அந்தப் பக்கம் அனுப்பினால் அது அப்லோடு. யூடியூபில் படம் பார்க்கும்போதும் விவரங்கள் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அவை பார்ப்பதற்காகத் தற்காலிகமாக வருபவை, தனி ஃபைலாகச் சேமிக்கப்படுவதில்லை. அதனால் மறுபடி பார்க்க மறுபடி இணையம் வேண்டும்.

ஃபைல் எப்படி வருகிறது? முழுதாக ஒரே மூட்டையாக வருவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு அதிகபட்சம் சுமார் 1500 பைட். 3 எம்பி அளவுள்ள ஒரு பிடிஎஃப் ஏறத்தாழ 2000 துண்டுகளாக வரும். ஒவ்வொன்றிலும் வரிசையைக் காட்டும் எண் உண்டு. எல்லாம் ஒரே வழியில் வரவேண்டும் என்றும் இல்லை. வழியில் ஒன்று தொலைந்தால் அது மட்டும் மறுபடி அனுப்பப்படும். எல்லாம் வந்தபின் நம் கம்ப்யூட்டர் வரிசைப்படி அடுக்கி முழு ஃபைலாக்குகிறது. கேஷ் பண்டலை எண்ணி, ஒரு நோட்டு குறைந்தாலும் கணக்கை மூடாத கேஷியர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறைக்கு அடிப்படையான கட்டுரையை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்டார்கள்.

அதனால், டவுன்லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஃபைலைத் திறக்கப் பார்க்காதீர்கள். பாதிக் கட்டை எண்ணிவிட்டு டோட்டல் போட முடியாது. நடுவில் நெட் போய்விட்டால் பல சமயம் 'ரெஸ்யூம்' என்று வரும். அதை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அடுத்தது வேகம். "100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன், ஆனால் 12தான் காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள்" என்று லிஃப்டில் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். ஏமாற்று இல்லை. பிளானில் சொல்வது பிட் கணக்கு, ஃபைலின் அளவு பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. எடையை ஒருவர் பவுண்டிலும் ஒருவர் கிலோவிலும் சொல்வது மாதிரிதான் இது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் மூலம் வந்தது. பிறகு டெலிபோன் லைனில் 56 கேபிபிஎஸ் மோடம் வைத்திருந்தவர்களுக்கு 5 எம்பி பாட்டு ஒன்று இறங்க 12 நிமிஷம் ஆகும். இன்று அரை விநாடி. இந்த வேகம் வசதி. யோசிக்க நேரம் தராததுதான் ஆபத்து.

இறங்கிய ஃபைல் எங்கே போகிறது? அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. கம்ப்யூட்டரில் 'டவுன்லோட்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். குரோமில் கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு ஜே எழுத்தை அழுத்தினால் இதுவரை இறக்கிய எல்லாமே பட்டியலாக வரும். ஆண்ட்ராய்டு போனில் 'ஃபைல்ஸ்' என்ற ஆப்பைத் திறந்தால் அதிலும் 'டவுன்லோட்ஸ்' இருக்கும். ஃபைலைக் காணவில்லை என்று மறுபடி மறுபடி இறக்காமல் முதலில் அங்கே பாருங்கள்.

இ-ஆதார் இறக்கியவர்கள் "திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது" என்கிறார்கள். உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் போட்டு, பிறந்த வருஷத்தைச் சேர்த்தால் திறக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கவுன்டரில் செக் வாங்கும்போது கவுன்டர்ஃபாயிலில் முத்திரை போட்டுக் கொடுப்போம். அதற்கு அர்த்தம், செக்கை வாங்கிக்கொண்டோம் என்பது மட்டும்தான். தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் பார்த்து அதிகாரி பாஸ் செய்தால்தான் பணம் நகரும். வாங்குவது வேறு, பாஸ் செய்வது வேறு. டவுன்லோடு செய்வது வாங்குவது. அந்த ஃபைலைத் திறப்பதும், ஆப்பாக இருந்தால் 'இன்ஸ்டால்' அழுத்துவதும் பாஸ் செய்வது. வெறுமனே இறங்கிக் கிடக்கும் ஃபைல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் கிடக்கும் பார்சல் மாதிரிதான். வீட்டுக்குள் எடுத்து வந்து பிரிப்பது நாம்தான். அந்த இடைவெளியில் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, இதை நான் கேட்டேனா? வில்லங்கச் சான்றோ, பென்ஷன் ஸ்லிப்போ நாமே தேடிப் போய் இறக்கியது என்றால் சரி. தானாக வந்தது என்றால் நிற்க வேண்டும்.

இரண்டு, எங்கிருந்து வந்தது? அரசு இணையதளங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். வங்கிகள் எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பக்கத்தின் நடுவில் பெரிதாகப் பச்சையில் 'டவுன்லோடு' என்று பட்டன் இருந்தால் அது விளம்பரமாகவும் இருக்கலாம். ஆப் என்றால் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள்.

மூன்று, வால் என்ன? ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் வால். பிடிஎஃப் என்றால் படிக்கிற ஆவணம், ஜேபிஜி என்றால் படம், எம்பி4 என்றால் வீடியோ. கம்ப்யூட்டரில் இஎக்ஸ்இ என்றால் அது ஆவணம் இல்லை, வேலை செய்யும் புரோகிராம். போனில் அதற்குச் சமம் ஏபிகே. ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பேரட், கே ஃபார் கைட். இந்த மூன்று எழுத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெயரின் நடுவில் பிடிஎஃப் என்று போட்டுவிட்டு, கடைசியில் ஏபிகே என்று முடிப்பார்கள். கடைசி வால்தான் கணக்கு. கல்யாணப் பத்திரிகைக்கோ, டிராஃபிக் அபராத ரசீதுக்கோ, கரன்ட் பில்லுக்கோ ஏபிகே என்ற வால் இருக்கவே முடியாது.

இனி என் கதை. ஓய்வுபெற்ற ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில், பழைய சக ஊழியர் ஒருவரின் எண்ணிலிருந்து ஒரு ஃபைல் வந்தது. எங்கள் வங்கியின் பெயர், 'ரிவார்டு பாயின்ட் இன்று இரவோடு முடிகிறது' என்று ஒரு வரி. தொட்டேன். பாதுகாப்புக்காக இதை இன்ஸ்டால் செய்ய முடியாது என்று போன் சொன்னது. செட்டிங்ஸுக்குப் போய் அனுமதி கொடுத்தேன். எஸ்எம்எஸ்களைப் படிக்கலாமா என்று கேட்டது. 'அலவ்' அழுத்தினேன். வங்கியின் சின்னத்தோடு ஒரு படிவம் வந்தது. கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்க மூன்று எண், எல்லாம் நிரப்பினேன். போன் இரண்டு முறை எச்சரித்தது, இரண்டு முறையும் நானே பாஸ் செய்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுப் பார்த்தவன் நான்.

இரவு 9.40க்கு 24,000 ரூபாய் போனது. பன்னிரண்டு நிமிஷம் கழித்து 20,000. ஓடிபி என் போனுக்குத்தான் வந்தது. அந்த ஆப் அதைப் படித்து அவர்களுக்கு அனுப்பிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. மனைவியிடம் சொல்ல வெட்கம். மகனுக்கு போன் செய்ய அதைவிட வெட்கம். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூங்கவில்லை. காலை ஆறு மணிக்கு இன்னொரு 15,000 போனது.

ஏழு மணிக்கு மேல்மாடியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "அங்கிள், நம்ம பிளாக் குரூப்ல ஒரு ஃபைல் வந்திருக்கே, நீங்க அனுப்பினதா?" என் எண்ணிலிருந்து அதே ஏபிகே உங்கள் எல்லோருக்கும் போயிருந்தது. அப்போதுதான் வாயைத் திறந்தேன். அவள் கேட்டதால் நம் பிளாக்கில் யாரும் அதைத் திறக்கவில்லை. என் நண்பரிடம் நானும் அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். ஒரு போன் கால் போதும்.

இரவே சொல்லியிருந்தால் முதல் இரண்டு தொகை திரும்பியிருக்குமா என்பது வேறு விஷயம். மூன்றாவது தொகை வேறு மாதிரி. வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியைச் சேரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை சொன்னது. அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட ஊழியன் நான். அந்தப் பதினைந்தாயிரம் என் வெட்கத்துக்கு நான் கட்டிய விலை.

அதனால், தவறி அழுத்திவிட்டால் செய்ய வேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து, கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு அழைத்து கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு 1930. இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். புகார் எண்ணை எழுதி வையுங்கள். பின்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். தெரிந்தவர் ஒருவரை வைத்து அந்த ஆப்பை நீக்கி, போனை ரீசெட் செய்யுங்கள். குழுக்களில் "என் எண்ணிலிருந்து வந்ததைத் திறக்காதீர்கள்" என்று இன்னொருவர் மூலம் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற இடத்தில் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்தலாம். போனில் இடமும் மிச்சம், வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவும் உங்கள் கையில் இருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டவுன்லோடே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். சான்றுக்கும் ரசீதுக்கும் வரிசையில் நின்ற காலம் நமக்குத் தெரியும். இன்று உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிறது. தைரியமாக இறக்குங்கள். திறப்பதற்கு முன் மட்டும் வாலைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் என் வீட்டு மணியை அடியுங்கள், எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. தப்பு நடந்துவிட்டால் இன்னும் சீக்கிரம் அடியுங்கள். நான் சிரிக்க மாட்டேன்.