கணக்கில் முட்டி நிற்கும் இடம்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கணக்குப் பாடமா எனச் சிலர் வியக்கக்கூடும். நம் பிள்ளைகளுள் பலர் பத்தாம் வகுப்போடு படிப்பை விடுவதற்குக் கணிதமே காரணமாவதைக் கழகத்தின் மாலை வகுப்புகளில் நாம் கண்டு வருகிறோம். அவர்கள் கணிதம் முழுவதிலும் தோற்றவர் அல்லர். பின்னத்திலோ அடுக்கிலோ ஓரிடத்தில் முட்டி நின்றவர்கள்.

நாமும் அவ்வாறு நின்றவர்களே. பகுதி வேறான பின்னங்களைக் கூட்டும் முறை நமக்கு விளங்கவில்லை. கேட்டால் நகைப்பார்களோ என அஞ்சி ஈராண்டு வாய் திறவாதிருந்தோம். விளங்காதது ஒரே ஒரு படி; இழந்ததோ ஈராண்டு.

தமிழர்க்குப் பின்னம் புதிதன்று. பழைய கணக்கில் முந்திரி என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. வீசம் 16-இல் ஒன்று. காலையும் மாவையும் கூட்ட வேண்டுமா? கால் என்பது 80 முந்திரி. மா 16 முந்திரி. ஆக 96 முந்திரி. இன்று பள்ளியில் பகுதியைப் பொதுவாக்குதல் என்பதும் இதுவே. ஆயினும், இவ்வாய்பாட்டை ஓதிய திண்ணைப் பள்ளிகளில் நம் முன்னோர்க்குப் பெரும்பாலும் இடமில்லை. கூலித் தானியத்தை அளந்தவர் பின்னம் அறிந்தவர். மடியில் ஏந்தியவர் அறியாதவர். அளந்ததே கணக்காயிற்று.

இனி ஒரு கணக்கைக் காண்போம். ஒருவர் தம் நிலத்தில் கால் பங்கில் குச்சிக்கிழங்கும், 20-இல் ஒரு பங்கில் கத்தரியும் பயிரிட்டார். இரண்டும் சேர்ந்து 12 சென்ட். மொத்த நிலம் எவ்வளவு? அதனை 'ய' என்க. ய/4 + ய/20 = 12. பின்னத்தைக் கண்டு மலைக்க வேண்டா. சமன்பாட்டின் இருபுறத்தையும் 20-ஆல் பெருக்குக. 5ய + ய = 240; ய = 40. சரி பார்ப்போம்: 10 சென்ட்டும் 2 சென்ட்டும் சேர 12. பலர் தவறுவது வலப்புறத்து 12-ஐப் பெருக்காமல் விடுவதால்தான்.

மற்றொரு பிழை கண்டபடி வெட்டுதல். (ய+6)/6 என்பதில் 6-ஐ 6-ஆல் அடித்து 'ய' என எழுதுவோர் உளர். ஐயம் வந்தால் சிறிய எண்ணொன்றை இட்டுப் பாருங்கள். ய = 6 எனில் உண்மை விடை 2; வெட்டியவர் விடை 6. கூட்டலில் நிற்பதை வெட்டலாகாது. பெருக்கலில் நிற்பதையே வெட்டலாம்.

அடுக்கு பின்னமாக வந்தால் அச்சம் இருமடங்காகிறது. 16-இன் அடுக்கு 1/2 என்றால் என்ன? அடுக்குகளைக் கூட்டும் விதிப்படி, அதனை அதனாலேயே பெருக்கினால் 16 வரவேண்டும். ஆகவே அது 4. அரை அடுக்கு என்பது வர்க்கமூலம், பாதியன்று. 16-இன் அடுக்கு 3/4 எனில், கீழெண் 4 நான்காம் மூலத்தைக் கேட்கிறது: 2. மேலெண் 3 அதன் கனத்தைக் கேட்கிறது: 8. 16-ஐ 3/4-ஆல் பெருக்கி 12 என எழுதுவது பிழை. அடுக்கு எதிர்க்குறி பெற்றால் விடையைத் தலைகீழாக்குக: எட்டில் ஒன்று.

இளைஞர்களே! முட்டி நிற்கையில் கணக்கு முழுவதையும் வெறுக்காதீர்கள். எந்த வரி வரை விளங்கியது என்று கோடிடுங்கள். அடுத்த வரியை மட்டும் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் பள்ளி மாணவராயிருந்தபோது, கணக்கொன்றைச் செய்துகாட்ட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னே தங்கள் உணவுப் பாத்திரங்கள் உள்ளன, தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர் கூச்சலிட்டு ஓடி அவற்றை அகற்றினர் என அவருடைய வரலாறு கூறுகிறது. அவர் 1907-இல் மெட்ரிக் தேறினார். அன்று அவரைத் தடுக்க முயன்றது பிறர் கூச்சல். இன்று நம்மைத் தடுப்பது பெரும்பாலும் நம் கூச்சம். கரும்பலகை வரை செல்லும் வழியை அவர் நமக்குத் திறந்து வைத்தார். சுண்ணக்கட்டியை நாமே கையில் எடுக்க வேண்டும்.

அடுத்த மாலை வகுப்பில் விளங்காத கணக்கொன்றை ஒவ்வொருவரும் கொண்டு வாருங்கள். விளங்கியோர் விளங்காதோர்க்குச் சொல்லுங்கள்.