கிருமிகளின் இரும்புப் பசி

நோய்க் கிருமி உடலில் புகுந்தது என்றால், அது நமக்கு என்ன தீங்கு செய்யுமோ என்றே நாம் அஞ்சுகிறோம். புகுந்த இடத்தில் அதற்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. ஆயினும் நோய் முற்றுவதும் தணிவதும் பெரிதும் இந்த உணவைப் பொறுத்தே அமைகின்றன.

கிருமிகள் பலவற்றிற்கு இன்றியமையாத சத்து இரும்பு. வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. எனினும் அது எளிதில் எடுக்கும்படி கிடப்பதில்லை. பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்பணுக்களுள் அடங்கியிருக்கிறது. இரத்த நீரில் செல்லும் சிறிதளவையும் டிரான்ஸ்பெரின் என்னும் புரதம் இறுகப் பற்றிக்கொள்கிறது. செல்வம் மிக்க வீடுதான்; ஆனால் எல்லாப் பெட்டிகளுக்கும் பூட்டு உண்டு.

1944-ஆம் ஆண்டில் ஷேட், கரோலைன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், கோழிமுட்டையின் பச்சை வெண்கருவில் சில கிருமிகள் வளராமையைக் கண்டனர். இரும்பைச் சேர்த்ததும் அவை வளர்ந்தன. மனித இரத்தத்திலும் இரும்பைப் பிடித்து வைக்கும் பொருள் உண்டென்று 1946-இல் அவர்களே அறிவித்தனர்.

கிருமிகளும் வாளா இருப்பதில்லை. குடலில் வாழும் கோலிக் கிருமி, எண்டிரோபாக்டின் என்னும் நுண்பொருளைச் சுரந்து வெளியே அனுப்புகிறது. அது டிரான்ஸ்பெரினிடமிருந்தே இரும்பைப் பறித்துவர வல்லது. அதனை வழிமறிக்க நம் உடல் லிப்போகாலின் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. சால்மொனெல்லாக் கிருமியோ அந்நுண்பொருளுடன் சர்க்கரைக் கூறுகளை இணைத்து, லிப்போகாலினின் பிடிக்குத் தப்பவைக்கிறது.

இப்போராட்டத்தின் வன்மையைச் சிக்காகோவில் 2009-இல் நிகழ்ந்த துயரம் ஒன்று உணர்த்துகிறது. இரும்பைக் கவரும் ஆற்றல் குன்றியதால் வலுவிழந்த பிளேக் கிருமி வகையொன்றை ஆராய்ந்துவந்த அறிஞர் ஒருவர், அக்கிருமியாலேயே உயிர் நீத்தார். அவருடைய உடலில் இரும்பு அளவின்றிச் சேரும் பரம்பரைக் கோளாறு இருந்தது பின்னரே தெரியவந்தது. கிருமிக்கு இல்லாத ஆற்றலை அந்த மிகுதி ஈடுசெய்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பெட்டிகள் நிரம்பி வழியும் வீட்டில் பூட்டு எதற்குப் பயன்படும்?

கிருமியின் பசியையே அதற்குப் பகையாக்கவும் மனிதர் கற்றுள்ளனர். செபிடெரோகால் என்னும் மருந்து இரும்புடன் இணைந்து நிற்பது. இரும்பு வந்ததெனக் கிருமி அதனை உள்ளே ஏற்றுக்கொண்டு மாள்கிறது. 2019-இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

இதனால் இரும்புச் சத்தை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. இரும்புக் குறைவால் வரும் இரத்தச் சோகைக்கு அதுவே மருந்து. அது குறைந்தாலும் மிகுந்தாலும் கேடு. ஆகவே தேவையின் அளவை மருத்துவர் வாயிலாக அறிந்து உட்கொள்வதே நமக்கு நலம்.