மழைப்பட்டை: ஒரு சொல்லும் அதன் பொருளும்



1922ஆம் ஆண்டு முதல் ஆசிரியர்களைப் பயிற்றுவித்துவரும் தஞ்சோங் மாலிமில் அறிவியற்சொல் ஒன்றை ஆராய்வது பொருத்தமே. 'மழைப்பட்டை' என்பது அச்சொல்.

நம் ஊர் மழையை நாம் அறிவோம். காலை வெயிலில் நிலம் சூடேற, பிற்பகலில் தித்திவாங்சா மலைச்சரிவின்மேல் முகில் திரண்டு, இடியுடன் கொட்டி ஓய்கிறது. அம்மழை விட்டால் பெரும்பாலும் விட்டதுதான். புயல்மழை அத்தகையதன்று.

புயலில், வெப்பக் கடலின்மேல் உள்ள ஈரக்காற்று நடுவிலுள்ள தாழ்வழுத்தத்தை நோக்கி விரைகிறது. புவி சுழல்வதால் நேரே செல்லாது வளைந்து, வடகோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. காற்று குவியுமிடங்களில் ஈரம் மேலெழுந்து முகிலாகிறது. சுழற்காற்று அம்முகில்களை இழுத்து நீட்ட, அவை மையம் நோக்கிச் சுருளும் நெடிய வரிசைகளாகின்றன. அவையே மழைப்பட்டைகள். இரு பட்டைகளுக்கு இடையே மழை தணியும். சிலவேளை வெயிலும் எட்டிப்பார்க்கும்.

பட்டைக்குள்ளும் பிறப்பும் முதுமையும் உண்டு. காற்று வந்து சேரும் முனையில் இளமுகில்கள் எழுகின்றன. காற்றோடு நகர்ந்து முதிர்ந்து, மறுமுனையில் பரந்த மென்மழையாகின்றன. மழைநீரில் ஒரு பகுதி விழும்போதே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. கனத்த அக்குளிர்காற்று இறங்கிப் பரவி, அருகிலுள்ள வெப்பக்காற்றை மேலே தள்ளுகிறது, புதுமுகில் பிறக்கிறது. வலிய புயல்களில் பட்டைகள் மையத்தைச் சூழ்ந்து வளையமாக இணைவதும் உண்டு. அவ்வளையம் உள்ளிருக்கும் கண்சுவருக்குச் செல்லும் ஈரக்காற்றைத் தடுக்க, பழைய சுவர் நலிந்து, புதியது அதனிடத்தைப் பெறுகிறது.

இப்பாடம் நமக்கு அயலானதா? நிலநடுக்கோட்டருகே புவிச்சுழற்சியின் விலக்கும் ஆற்றல் மிகக் குறைவாதலால் அங்கே புயல் உருவாதல் அரிது. ஆயினும் 2001 டிசம்பர் 27 அன்று 'வாமெய்' புயல், ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வட அகலாங்கில், ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன, உயிர்களும் மாண்டன.

பட்டைகளின் வலிமையை இன்னும் தெளிவாகக் காட்டியது 2023ஆம் ஆண்டின் 'மிக்ஜாம்'. டிசம்பர் 5 அன்று அது ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது அதற்கு முந்தைய இரு நாள்களில். கரைக்கு அப்பால் கடலில் புயல் மெதுவாக நகர்ந்தபோது, அதன் பட்டைகள் நகரின்மீது தொடர்ந்து பொழிந்தன.

இங்கேதான் சொல்லின் பணி தொடங்குகிறது. 'கரையைக் கடந்தது' என்னும் தொடர் ஓரிடத்தையும் ஒரு நேரத்தையும் மட்டுமே சுட்டுகிறது. 'விட்டுவிட்டுப் பெய்தது' என்பது மழையின் காலத்தைச் சொல்கிறது; வடிவத்தைச் சொல்லவில்லை. 'பட்டை' என்னும் சொல் வடிவத்தைக் காட்டுகிறது. ஒன்று தலைக்குமேல் கடந்துவிட்டாலும், பின்னே இன்னொன்று வரக்கூடும் என்று கேட்பவர் உணர்வார். மழை தணிந்ததும் பெருகிய ஆற்றைக் கடக்க முனையும் பிள்ளையை இவ்வுணர்வு தடுத்து நிறுத்தும்.

இச்சொல்லுக்குக் குறையும் உண்டு. தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்குப் பட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பால்மரத்தின் பட்டையே. அசையாத பொருள் அது. மழைப்பட்டையோ நகர்வது, ஒரு முனையில் வளர்ந்து மறுமுனையில் தேய்வது. ஆனால் அதே மரத்தில், தண்டைச் சுற்றிச் சரிந்திறங்கும் வெட்டுக்கோடு சுருளின் வடிவைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டாகும். ஆசிரியர் அதிலிருந்து தொடங்கலாம். பின்னர்க் கரும்பலகையில் இடஞ்சுழியாகச் சுருள் வரைந்து, அதன்மேல் ஒரு புள்ளியை ஊராகக் குறித்து, சுருளைச் சுழற்றினால் அவ்வூரில் மழை எப்போது பெய்யும், எப்போது ஓயும் என மாணவரையே சொல்லச் செய்யலாம்.

கலைச்சொல்லை மனப்பாடம் செய்வித்தல் எளிது. அச்சொல்லைக் கொண்டு வானத்தைப் படிக்கக் கற்பித்தலே நம் கடமை.