கத்தியை யார் பிடிப்பது?



நான் கால்நடை நோய்க்குறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். செத்த மாட்டை அறுத்துப் பார்த்து, எந்த நோயில் செத்தது என்று சொல்கிற படிப்பு. எங்கள் ஊரில் செத்த மாட்டைத் தூக்கியது எங்கள் தெரு. அங்கே அது இழிவு. கல்லூரிக்குள் வந்தால் அறிவியல்.

நான் இளங்கலை படித்தபோது ஒரு நுண்ணோக்கியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்போம். ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்ட நான் கடைசியில் நிற்பேன். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். இன்று அதே ஸ்லைடை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிடுகிறோம். விடுதியில் உட்கார்ந்து பத்து முறை பெரிதாக்கிப் பார்க்கலாம். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களுக்கு இது பெரிய கதவு. இணையவழிக் கல்வியை நான் வரவேற்பது இதனால்தான்.

ஆனால் 2020 ஊரடங்கில் பாடம் முழுவதும் திரைக்கு வந்தபோது ஒரு மாணவர் என்னிடம் சொன்னார்: "நல்லவேளைண்ணா, இனி பிணத்தைத் தொட வேண்டாம்." அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஊரடங்குக்கு முன்பும் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் பலர் தள்ளி நின்று குறிப்புதான் எடுப்பார்கள். அறுப்பவர் கூடத்தின் ஊழியர். மாடு விழுங்கிய கம்பி இதயத்தைக் குத்தியிருப்பதை விரலால் தடவியே கண்டுபிடிப்பார். அறிக்கையில் அவர் பெயர் இருக்காது.

ஈரலின் இறுக்கத்தையும் சீழின் நாற்றத்தையும் திரை தராது. எனவே காணொலி பார்த்த ஒவ்வொரு மாணவரும் கத்தியையும் பிடித்தாக வேண்டும்.

அடுத்தது, இந்தப் பாடம் யாருக்குப் போகிறது என்ற கேள்வி. திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வழிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது; காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். மாணவர்கள் இதைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். தோலுரிக்கிறவருக்கோ கையில் ஒரு சிறு கீறல் இருந்தாலே கிருமி உள்ளே போய்விடும். அவருக்கு இதை யார் சொன்னார்கள்? அவர் கையிலும் செல்பேசி இருக்கிறது. தமிழில் ஐந்து நிமிடக் காணொலி எடுக்க என்ன தடை?

அவர் காலமெல்லாம் அதே வேலையில் இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. 2016இல் உனாவில் தோலுரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்த பிறகு, குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை ஆட்சியர் அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இனித் தூக்க மாட்டோம் என்றார்கள். அந்த மறுப்பு நம்முடையது. மறுக்கும் நாள் வரும்வரை அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

அறிவு அவருக்கும் போகட்டும். கத்தி எல்லோர் கைக்கும் வரட்டும்.

ஜெய்பீம்.