ஏட்டில் ஏறாத பெயர்கள்



பொருநைக் கரைப் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரி 2-இல் ஊமைத்துரை தப்பினார். கும்பினியார் இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மக்கள் சில நாள்களிலேயே மண்ணால் மீண்டும் எழுப்பினர். மார்ச்சு 31-இல் வெள்ளையர் தாக்குதல் அச்சுவர்முன் தோற்றது. மே 24-இல் கோட்டை வீழ்ந்தது. நவம்பர் 16-இல் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார். கும்பினிக்கு அவர் கலகக்காரர். நம் மக்களுக்கோ மாவீரர்.

அவரை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் அதிகாரியே 1830-இல் வெளியிட்ட நூலில் அவரை வியந்து எழுதினார். ஆனால், மண் சுமந்தோர் பெயர்களை ஏட்டில் காணோம். கட்டபொம்மனின் தளபதி கவர்னகிரிச் சுந்தரலிங்கனாரின் பெயரையும் நெடுங்காலம் காத்தது மக்கள் நினைவே.

எழுதுகோல் பிறர் கையில் இருந்தவரை நம் முன்னோர் பெயரின்றி நின்றனர். இன்று அது நம் கையில் உள்ளது. மாணவர்களே, ஊர்ப் பெரியோரைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நாம் கல்வி பெற்றதன் கடன் அதுவே.